இடது முன் சக்கரம்

எனக்குச் சந்தேக புத்தி. நான் சொல்லவில்லை, வீட்டில் சொல்கிறார்கள். சர்க்கரை போட்டாயிற்று என்று சொல்லித்தான் என் மனைவி காப்பியை நீட்டுவாள். நான் கரண்டியை வாங்கிக் கலக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். பஸ்ஸில் போனால் டிரைவர் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் என் வலது காலும் சேர்ந்து தரையை மிதிக்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்து, பாதி ஆயுளைப் பிரேக் வேலையிலேயே கழித்தவனுக்கு வேறு எந்தப் புத்தி வரும்? என்ஜினில் கோளாறு என்றால் வண்டி நிற்கும். பிரேக்கில் கோளாறு என்றால் வண்டி நிற்காது. அதுவும் கல்வராயன் மலையில் ஏறி இறங்குகிற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரேக் பேடு எப்படி மாற்றுவது என்று போனைத் திறந்தால் வரிசையாக வீடியோ வருகிறது. அதைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் எல்லாவற்றையும் சரியாக மாற்றிய பிறகும் ஒரு வண்டி திரும்பத் திரும்ப வந்து வாசலில் நின்றால் என்ன செய்வது என்று அந்த வீடியோக்களில் இல்லை. எனக்கு அப்படி ஒரு வண்டி வந்தது.

1. பழைய சாமான் பை

அன்றைக்குக் காலையில் ஷெட்டைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். மாணிக்கம் வண்டியை உள்ளே விடாமல் ரோட்டோரமாகவே நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதை என் பெஞ்சின் மேல் கவிழ்த்தார். முந்தின முறை நான் கழற்றிக் கொடுத்த, தேய்ந்துபோன பிரேக் பேடுகள் கொட்டின.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமான் மாற்றினாலும், கழற்றிய பழசை வண்டிக்காரர் கையிலேயே பையில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால், மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லிவிட்டான் என்பார்கள். கொடுத்தாலும், இது என் வண்டிச் சாமான்தானா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சந்தேகம் எனக்கு மட்டும் இருக்கிற வியாதி அல்ல.

"இதுதான கழட்டனது?" என்றார் மாணிக்கம்.

"ஆமா."

"புதுசு போட்டன்னு சொன்னீங்க. இன்னா புதுசு போட்டீங்கண்ணே? பிரேக்க தொட்டா ஸ்டியரிங்கு கையில நிக்க மாட்டேங்குது, ஆடுது. நேத்து மலை எறங்கறப்ப டீச்சருங்க எல்லாம் சாமி பேரச் சொல்லிகினே வந்தாங்களாம். வேற வண்டி பாத்துக்கறோம்னு சொல்றாங்க."

மாணிக்கம் கோமுகி அணைக்குப் பக்கத்தில் கரும்பும் மரவள்ளியும் பயிர் வைக்கிற விவசாயி. ஏழு சீட்டு டீசல் கார் ஒன்று வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். காலையில் கச்சிராயபாளையத்தில் டீச்சர்களையும் நர்ஸ்களையும் ஏற்றிக்கொண்டு மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர் வரை போகும். சாயந்திரம் அவர்களைக் கீழே கொண்டுவந்து விடும். ஞாயிற்றுக்கிழமையில் அருவி பார்க்க வருகிற கூட்டம். ஏறும்போது என்ஜினுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்குக்கு வேலை. அந்த வண்டிக்கு ஓய்வே கிடையாது.

அதை ஓட்டுகிறவன் கொளஞ்சி. நைனார்பாளையத்துப் பையன். பையன் என்கிறேன், அவனுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. இந்த வேலைக்கு வரும் முன்பு போர்வெல் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே எங்கெங்கோ போய்விடுவான், ஊர் திரும்ப மாதக்கணக்கு ஆகும். ஒருமுறை திரும்பி வந்தபோது குழந்தை இவனைப் பார்த்து அழுதுகொண்டு அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டதாம். அன்றோடு லாரியை விட்டுவிட்டான். மாணிக்கத்தின் காரை ஓட்ட ஆரம்பித்த பிறகு தினமும் இரவுச் சாப்பாடு வீட்டில்தான். இந்த வேலை போனால் மறுபடியும் போர் லாரிதான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு அவன் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றான், உள்ளே வரவில்லை.

மாணிக்கம் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு நீங்க ஏமாத்தணும், இல்லன்னா அவன் ஏமாத்தணும். எனக்கு வேற தெரியல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

2. ஒரு பக்கம் மட்டும்

வண்டியை உள்ளே வாங்கி ஜாக்கி போட்டு இரண்டு முன் சக்கரத்தையும் கழற்றினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டுக்கு டிஸ்க் என்று பெயர். கம்பெனிக்காரர்கள் ரோட்டர் என்பார்கள். அதை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிறதுதான் பேடு. பேடைப் பிடித்து அழுத்துவது காலிபர். பேடு தேயத்தான் வேண்டும், தேய்வதற்குத்தான் அது இருக்கிறது. டிஸ்க் சமமாக இருக்க வேண்டும். அது கொஞ்சம் வளைந்தாலும் மிதிக்கும்போது பெடல் காலை உதைக்கும், ஸ்டியரிங் ஆடும்.

வலது டிஸ்க் வழவழவென்று இருந்தது. இடதில் சூடு பட்டு நீலம் பாய்ந்த திட்டுகள். வளைவை முள்ளால் காட்டுகிற டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். வலதில் ஆடாமல் நின்ற முள் இடதில் ஆடியது.

நான் முதலில் சந்தேகப்பட்டது ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரை. டூப்ளிகேட் பேடு நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. பெட்டி அச்சு அசலாக இருக்கும், உள்ளே இருப்பது கரிக்கட்டி. எப்போதும் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். இருந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"அண்ணே, நீங்க மோந்து பாத்து வாங்கனதுதான இது? இன்னும் இன்னா பண்ணணும்? கடிச்சிப் பாக்கறீங்களா?" என்றார் கடைக்காரர்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். வழியில்தான் உறைத்தது: ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பேடுதானே வலதிலும் இருக்கிறது? அது நன்றாகத்தானே இருக்கிறது?

அடுத்து காலிபரைச் சந்தேகப்பட்டேன். அது முன்னும் பின்னும் நகர உதவுகிற ஸ்லைடு பின் இறுகிவிட்டால் பேடு விடாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே வரும், ஒரு பக்கம் மட்டும் வெந்துபோகும். காலிபரைக் கழற்றினேன். அதைப் பிரேக் எண்ணெய் வருகிற ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பி போட்டுக் கட்டித்தான் வைக்க வேண்டும். ஹோஸ் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது. பின் இரண்டையும் உருவினேன். வெண்ணெயில் விட்ட விரல் மாதிரி வந்தது. பேடைத் தள்ளுகிற பிஸ்டனும் ஒழுங்காக உள்ளே போனது. காலிபர் மேல் குற்றம் இல்லை.

டிஸ்க்கை லேத்தில் கொடுத்து, மேலே லேசாகச் சீவிச் சமமாக்கி மாட்டினேன். கை பட்ட எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, புது பேடு போட்டு, பெடலை இறுகும் வரை பம்ப் பண்ணி, நானே அணை வரை ஓட்டிப் பார்த்தேன். கல்லு மாதிரி நின்றது. கொஞ்ச நாளில் வண்டி திரும்ப வந்தது. அதே ஆட்டம், அதே இடது பக்கம்.

இந்த முறை டிஸ்க்கையே புதிதாகப் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பதால் இரண்டு பக்கமும் புதுசு. பழசு இரண்டையும் கனக்கக் கனக்கப் பையில் போட்டுக் கொடுத்தேன். மாணிக்கம் வாங்கி வண்டிக்குள் போட்டுக்கொண்டார். அந்த ஜோடியும் ரொம்ப நாள் தாங்கவில்லை. வலது புதுப் பெண் மாதிரி இருந்தது. இடதில் திட்டோடு, முடி கனத்துக்குக் கீறல்களும் விழுந்திருந்தன. டார்ச் அடித்து மறுபடியும் பார்த்தேன். ஆட்டம் வேறு, கீறல் வேறு. அந்தக் கீறல் வளர்ந்து கொண்டை ஊசி வளைவில் டிஸ்க் பிளந்தால், உள்ளே இருக்கிற அத்தனை பேரும் பள்ளத்தில்தான்.

அப்போது இன்னொன்றையும் பார்த்தேன். இடது பக்கம், இடைவெளி விட்டுக் கம்பி கம்பியாக இருக்கிற அலாய் வீலின் உள்பக்கத்திலும் காலிபர் மேலும் மஞ்சள் கறை.

"இது இன்னாடா மஞ்சளு?" என்று கொளஞ்சியைக் கேட்டேன்.

"பூசைக்குப் போட்டதுங்க."

நானும் விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் மஞ்சளும் குங்குமமும் இல்லாத வண்டியைப் பார்த்தால்தான் சந்தேகப்பட வேண்டும். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பானெட்டுக்குப் பொட்டு, ஸ்டியரிங்குக்குப் பூ. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, மஞ்சள் என்பது என் கண்ணுக்கே தெரியாத நிறமாகிவிட்டது.

3. கொளஞ்சியின் கால்

மாணிக்கத்துக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. என் ஷெட்டிலேயே கொளஞ்சியிடம் கையை நீட்டினார்.

"சாவிய குடு."

கொளஞ்சி கொடுத்தான்.

"நீ நியூட்ரல்ல வுட்டுதான் எறக்கற. டீசல மிச்சம் புடிச்சி நீ இன்னா பண்றன்னு நான் கேக்கல. ஆளுங்க உசுரு அது. நாளையிலேந்து வராத."

மலை வண்டிகளில் இந்தப் பழக்கம் உண்டு. இறக்கம் வந்ததும் கியரை எடுத்துவிட்டு, வண்டியை அதன் கனத்திலேயே உருள விடுவார்கள். பிரேக் ஒன்றுதான் பிடித்துக்கொண்டு வரும். கீழே வந்து சேரும்போது சக்கரத்தில் தோசை சுடலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"ரெண்டாவது கியர்லதாங்க எறக்கறன். ஒரு நாளு கூட நியூட்ரல் போட்டதில்லீங்க" என்றான் கொளஞ்சி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியம் பண்ணவில்லை, கெஞ்சவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. குற்றம் இல்லாதவன் கத்துவான் என்பது என் கணக்கு.

ஆனால் என் கை அந்த இடது டிஸ்க்கின் மேல் இருந்தது. நியூட்ரலில் விட்டால் இரண்டு பக்கமும் அல்லவா வேக வேண்டும்? வலது மட்டும் எப்படித் தப்பிக்கும்? இவன் கால் இடது சக்கரத்தை மட்டும் தனியாக மிதிக்குமா?

"மாணிக்கம், ஒரு தடவ மேல போயிட்டு வரலாம்" என்றேன். "அவனே ஓட்டட்டும். நான் பக்கத்துல ஒக்காந்து காலப் பாக்கறன். நீங்களும் வாங்க. அப்பால சாவிய யாருகிட்ட வேணும்னாலும் குடுங்க."

"போனா அவன் ஒழுங்காதான் ஓட்டுவான். நீங்க ஒக்காந்துகினு இருந்தா வேற எப்பிடி ஓட்டுவான்?"

என்னைவிடப் பெரிய சந்தேகக்காரரை அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் வருவதாக ஒப்புக்கொண்டார். கீறல் விழுந்த டிஸ்க்கோடு மலை ஏற எனக்குப் பைத்தியமா? இன்னொரு புது ஜோடி போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் போனோம். ஆட்களின் கனத்துக்குப் பதிலாக மரவள்ளி மூட்டைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டோம். மாணிக்கம் நடு சீட்டில், மூட்டைகளோடு மூட்டையாக. கரியாலூரில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். நான் டீயைக்கூட அவன் பக்கம் திரும்பி நின்றுதான் குடித்தேன்.

இறக்கம் தொடங்கியது. நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. கண் கொளஞ்சியின் காலிலும் கியரிலும்தான். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியர். பிரேக்கை மிதிப்பான், விட்டுவிடுவான். அமுக்கிக்கொண்டே வரமாட்டான். என்ஜின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்தது. நானே ஓட்டினாலும் இவ்வளவு பக்குவமாக இறக்கியிருப்பேனா, தெரியாது. இப்படித்தான் தினமும் ஓட்டுகிறானா, எனக்காக ஓட்டுகிறானா? அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மலை முடிகிற இடத்தில் ஓரங்கட்டச் சொன்னேன். இறங்கி இரண்டு முன் சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டினேன். சூடு இருந்தது. இருக்கத்தான் வேண்டும், மலை இறங்கி வந்த வண்டி. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே சூடு.

"இன்னாண்ணே?" என்றார் மாணிக்கம்.

"ஒண்ணும் இல்ல."

உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது ஒரு திருட்டுத்தனம் அகப்படும் என்று வந்தவன் நான். வண்டியில் குற்றம் இல்லை, ஓட்டுகிறவன் மேல் குற்றம் இல்லை. அப்புறம் டிஸ்க்கை யார் கெடுப்பது?

வண்டி மறுபடியும் கிளம்பியது. மாணிக்கத்தின் வீட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் ஒரு திருப்பம். ரோடு காலியாக இருந்தது. எதிரே ஒரு ஆடுகூட இல்லை. கொளஞ்சி நீளமாக ஹாரன் அடித்தான்.

"யாருக்குடா ஹாரன்?" என்றேன்.

"அக்காவுக்குங்க."

4. சொம்பு

மாணிக்கத்தின் வீடு ரோட்டை ஒட்டியே இருக்கிறது. மலையிலிருந்து வந்தால் இடது கைப் பக்கம். அவர் மனைவி செல்வி வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தார். கையில் பித்தளைச் சொம்பு. கொளஞ்சி வண்டியை வாசலோடு ஒட்டி நிறுத்தினான்.

செல்வி எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். சொம்பை வண்டிக்கு நேரே சுற்றினார். குனிந்து, இடது முன் சக்கரத்தின் மேல் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றினார்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். ஆவி எழுந்து கண்ணாடி வரை வந்தது. வண்டிக்குள் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த வாசனை அடித்தது.

நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். அலாய் வீலின் இடைவெளி வழியாகத் தண்ணீர் நேரே டிஸ்க்கின் மேல் விழுந்து பொரிந்துகொண்டிருந்தது. காலிபரில் மஞ்சள் சொட்டியது.

"தெனமும் ஊத்தறியாம்மா?" என்றேன்.

"ஆமாங்கண்ணா. மலைலேந்து வர்ற வண்டிய அப்புடியே வுடக் கூடாது. எங்கம்மா வூட்டு வழக்கம்."

பிறகு அவரே சொன்னார். அவருடைய தம்பி வெள்ளிமலையிலிருந்து பைக்கில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் வளைவில் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். அதிலிருந்து, மலையிலிருந்து இறங்குகிற அவர்கள் வீட்டு வண்டி எதுவானாலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றாமல் அவரைத் தாண்டிப் போகாது. டீச்சர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தாலும் சரி, அருவிக்கு வந்த கூட்டம் உட்கார்ந்திருந்தாலும் சரி. கொளஞ்சி ஹாரன் அடிப்பான், இவர் சொம்போடு வருவார்.

"இப்ப வண்டி ஆடுதுன்னு இவரு சொன்னாரு. அதான் முன்னெல்லாம் பாதி சொம்பு ஊத்துவன், இப்ப ரொம்ப ஊத்தறன்" என்றார் செல்வி.

மாணிக்கம் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. மூட்டைகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டார், டிரைவரைச் சந்தேகப்பட்டார். தினமும் தன் வாசலில் நடப்பதை அவர் பார்க்காமல் இல்லை. பல் விளக்குவதைப் பார்க்கிற மாதிரி பார்த்திருந்தார்.

இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் அந்தப் புது டிஸ்க்கும் கீறல் விடும்.

"யம்மா, சட்டிய அடுப்புலேந்து எறக்கனதும் பச்சத் தண்ணி ஊத்துவியா?"

"மண்சட்டியா? கீறல் வுட்டுடுமே."

"இதுவும் அப்புடித்தான். மலை எறங்கி வர்றப்ப உள்ள இருக்குற தட்டு கொதிச்சிகினு இருக்கும். அதும்மேல தண்ணிய ஊத்தனா கோணிக்கும். ஊத்த ஊத்தக் கீறல் வுடும். அதான் வண்டி ஆடுது."

செல்வி சொம்பைப் பார்த்தார். அப்புறம் சக்கரத்தைப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நானா?" என்றார். "எந்த பிரேக்கால எந்தம்பி போனானோ அதயே நானு ஒடைச்சிகினு இருந்தனா?"

மாணிக்கம் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் அப்பவே நெனச்சன், இந்தப் பூசையெல்லாம் எதுக்குன்னு" என்று ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க ஒண்ணும் நெனைக்கல. அந்தம்மா எத்தினி வருசமா ஊத்துது? முன்ன இரும்பு ரிம்மு, மேல மூடி. தண்ணி உள்ள போவல. பளபளன்னு இருக்கணும்னு அலாய் வாங்கி மாட்டனது யாரு? வாசல தொறந்து வுட்டது நீங்க, வாயி அவங்கள சொல்லுது" என்றேன்.

செல்வி வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் நாளைக்கு வண்டி மலை ஏறினால் இவர் வீட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருப்பார்? வண்டியின் கோளாறைத் தீர்க்க வந்தவன் இவர் பயத்தை இரட்டிப்பாக்கிவிட்டுப் போவதா?

"காலைல ஊத்தும்மா" என்றேன். "மேல கெளம்பறப்ப வாசல்ல நிறுத்தச் சொல்லு. அப்ப சக்கரம் குளுந்து இருக்கும். எத்தினி சொம்பு வேணும்னாலும் ஊத்து, ஒண்ணும் ஆவாது. போறப்ப ஊத்தி அனுப்புனா இன்னும் நல்லதுதான?"

செல்வி யோசித்தார். "வர்றப்ப?"

"வர்றப்ப சொம்ப மட்டும் சுத்திட்டு, தண்ணிய ரோட்டுல ஊத்திடு."

அவர் கொளஞ்சியைப் பார்த்து, "அது போதுமாடா?" என்றார். என்னைக் கேட்கவில்லை, புருஷனைக் கேட்கவில்லை. மலையில் போய் வருகிறவன் அவன்தானே.

"போதுங்கக்கா" என்றான் கொளஞ்சி.

அன்றைக்கு வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோய் இடது டிஸ்க்கை மறுபடியும் கேஜ் வைத்துப் பார்த்தேன். ஒரு சொம்புக்கு அது கெட்டுவிடவில்லை. முள் ஆடாமல் நின்றது. மாணிக்கம் சாவியைக் கொளஞ்சியிடம் நீட்டினார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "டீச்சருங்களுக்கு போன் பண்ணி, நாளைக்கி வண்டி வருதுன்னு சொல்லிடு" என்றார். அவ்வளவுதான்.

5. வாசலில் நடப்பது

இப்போதும் அந்த வண்டி ஓடுகிறது. பேடு தேய்ந்தால் வரும், மாற்றுவேன். டிஸ்க்கை டார்ச் அடித்துப் பார்ப்பேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். காலிபரில் மஞ்சள் இன்னும் இருக்கிறது. அது காலை மஞ்சள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பக்கம் மட்டும் கெடுகிறது என்றால் ஆளைச் சந்தேகப்படும் முன்பு அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வண்டி எங்கே ஓடுகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று எல்லா மெக்கானிக்கும் கேட்பான். எங்கே நிற்கிறது, நின்றதும் யார் என்ன செய்கிறார்கள் என்று நான் இப்போது கேட்கிறேன். சுடச்சுட வந்த வண்டியை வாட்டர் வாஷில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடையில் இறக்கிச் சக்கரத்தை நனைத்தால் குளிர்ச்சி என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாரும் வண்டிக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். கேட்டால்தான் தெரியும்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. கொளஞ்சி போர்வெல் லாரி ஓட்டியவன். கொதிக்கிற சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது லாரிக்காரனுக்குத் தெரியாதா? தினமும் அந்தப் புஸ்ஸென்ற சத்தம் அவன் காதில்தானே விழுந்தது? சாவியைக் கேட்டபோதும் ஏன் அதைச் சொல்லவில்லை?

போன முறை பேடு மாற்ற வந்தபோது கேட்டே விட்டேன்.

"ஏன்டா, உனக்கு மொதல்லயே தெரியும்தான?"

அவன் சக்கரத்து நட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"நானு ரோட்டுல எத்தினியோ ஊரு போயிட்டு வந்திருக்கங்கண்ணே. அக்கா மாதிரி வந்துட்டியான்னு சொம்ப எடுத்துகினு யாரும் வாசல்ல நின்னதில்லீங்க" என்றான்.

தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. எதையும் கழற்றிப் பார்க்காமல் விடாதவன் நான். அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.